மதிப்பெண் குறைந்தால் மருத்துவம் குறையுமா?

எது பெரிது என்னும் வழக்கு எழுந்தபோது சங்கரனும் நாராயணனும் ஒருருவாய்த் தோன்றி அதனைத் தீர்த்து வைத்தனர் எனத் தலபுராணம் கூறும் ஊர் சங்கரன்கோவில். அவ்வூரின் தேநீர்க் கடைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் இன்று வேறொரு வழக்கு நடைபெறுகிறது. "நீட் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்க்கு மருத்துவக் கல்லூரியில் இடம் தரலாமா?" என்பதே அது. கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கே கேட்கும் இவ்வினாவுக்கு விடை காண முயல்வது நம் கடமையாகும்.

வாயிலின் வரலாறு

தமிழகத்தில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 1984ஆம் ஆண்டு புகுந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்கியது. 2007 முதல் மேனிலைப் பள்ளி மதிப்பெண்ணே மருத்துவ இடத்தைத் தீர்மானித்தது. பின்னர், 2017இல் நீட் எனும் அகில இந்தியத் தேர்வு தமிழக அரசின் இடங்களுக்கும் கட்டாயமாயிற்று. அதன் பின் அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தோரைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம் என்னும் நிலை வந்தது.

இந்நிலையை மாற்ற நீதியரசர் பொ. கலையரசன் ஆணையம் பத்து விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப் பரிந்துரைத்தது. சட்டமன்றம் 7.5 விழுக்காடு என வரையறுத்து 2020 செப்டம்பரில் முன்வரைவை நிறைவேற்றியது. அக்டோபர் இறுதியில் அது சட்டமாயிற்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு அதனால் வாயில் திறந்தது. அவ்வாண்டே முந்நூறுக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அவர்களுக்கு உரியவாயின. அவர்களுள் 720க்கு அறுநூறைத் தாண்டியவரும் உண்டு. இருநூறைச் சுற்றி நின்றவரும் உண்டு. இவ்விரண்டாம் வகையினரைக் கண்டே சிலர் முகம் சுளிக்கின்றனர்.

எண் எதனைக் கூறுகிறது?

மதிப்பெண் என்பது அறிவை மட்டும் அளப்பதன்று. மாணவன் நடந்து வந்த தூரத்தையும் சேர்த்தே அளக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பின் ஓராண்டோ ஈராண்டோ பயிற்சி மையத்தில் தங்கி, மீண்டும் மீண்டும் எழுதுவோரே பெரும்பங்கு இடங்களைப் பெறுவதை நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் எடுத்துக்காட்டியது. பூ கட்டியும் தறி ஓட்டியும் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு ஓராண்டுக் காத்திருப்பு என்பது ஓராண்டு வருமானத்தை இழப்பதாகும். பயிற்சிக் கட்டணமோ அதற்கு மேற்பட்ட சுமை. 180 வினாக்களில் சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறினால் ஒன்று கழிவு என்னும் அமைப்பில், எந்த வினாவைத் தொடுவது, எதனை விடுவது என்பதே தனிக்கலை. அக்கலை விலைக்கு விற்கப்படுகிறது.

தமிழ் கற்பிக்கும் நாம் மறக்கவியலாத செய்தி ஒன்றும் உண்டு. 2018ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்புப் பிழைபட்டிருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினாவுக்கு நான்காக 196 கருணை மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் அவ்வாணையை அவ்வாண்டு நவம்பரில் நீக்கிவிட்டது. ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே முடிவானது என்பது தேர்வு விதி. தாய்மொழியில் படித்தவன் வினாவையே தவறாகப் பெற்றால், அவன் பெற்ற குறைந்த எண்ணுக்கு அவன் மட்டுமோ பொறுப்பாளி?

இரண்டு வாயில்கள்

குறைந்த மதிப்பெண்ணுடன் மருத்துவம் பயில்வது அரசுப் பள்ளி மாணவரால்தான் தொடங்கிற்று எனக் கருதுவது பிழையாகும். தகுதி எல்லை என்பது பாதி மதிப்பெண்ணன்று. எழுதியோருள் எத்தனை பேரை முந்தினர் என்பதேயாகும். 2018இல் அவ்வெல்லை பொதுப்பிரிவினர்க்கு 720க்கு 119. இட ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 96. 2020இல் முறையே 147, 113. இவ்வெல்லையைத் தாண்டிய ஒருவர், ஆண்டுக்கு இருபது இலட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம் பெறும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் இடம் பெற இயலும். 2023இல் மருத்துவ மேற்படிப்பில் இடங்கள் நிரம்பாதபோது தகுதி எல்லையே சுழியமாகக் குறைக்கப்பட்டது. அப்போதெல்லாம் மருத்துவத்தின் தரம் தாழ்ந்துவிட்டதெனத் தெருவில் வழக்காடியோர் மிகச் சிலரே.

ஆகவே, குறைந்த எண்ணுக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று பணத்தால் திறப்பது. மற்றொன்று சட்டத்தால் திறப்பது. முன்னதைக் கண்டு வாளாவிருந்து, பின்னதை மட்டும் இகழ்வது நடுநிலையாகாது.

வாயிலுக்கு அப்பால்

"நோயாளியின் உயிரோடு விளையாடலாமா?" என்பார் கேள்வியில் கவலை உண்டு, அதனை நாம் புறக்கணிக்கவில்லை. எனினும் நோயாளி சந்திப்பது பதினேழு வயதுத் தேர்வரையன்று. நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் முடித்த மருத்துவரையே சந்திக்கிறார். ஒரு கல்லூரியில் பயில்வோர் அனைவர்க்கும் பல்கலைக்கழகத் தேர்வின் வினாத்தாள் ஒன்றே. அறுநூறு பெற்றவர்க்கு ஒரு தாள், இருநூறு பெற்றவர்க்கு ஒரு தாள் என அங்கு இல்லை. நுழைவில் காட்டப்பெற்ற சலுகை தேர்ச்சியில் இல்லை, இருத்தலும் கூடாது.

எனவே நாம் கேட்கவேண்டிய வினா, "ஏன் சேர்த்தீர்?" என்பதன்று, "சேர்த்த பின் என்ன செய்தீர்?" என்பதே. இலண்டன் கிங்ஸ் கல்லூரி 2001 முதல் நடத்தி வரும் நீட்டிப்பு மருத்துவப் படிப்பு இதற்கு நல்ல சான்று. வசதி குறைந்த பகுதிகளின் அரசுப் பள்ளி மாணவரைக் குறைந்த மதிப்பெண்ணுடன் சேர்த்து, ஐந்தாண்டுப் படிப்பை ஆறாண்டாக விரித்து, தொடக்க ஆண்டுகளில் தனிக் கவனம் அளிக்கின்றனர். பின்னர் ஏனையோர் எழுதும் தேர்வையே அவர்களும் எழுதுகின்றனர், பெரும்பாலோர் மருத்துவராகின்றனர்.

நம் நாட்டில் வாயில் திறந்தது; படிக்கட்டு இன்னும் முழுமையாகவில்லை. 2020இல் தனியார் கல்லூரி இடம் கிடைத்தும் கட்டணம் செலுத்த இயலாது சிலர் தயங்கி நின்றனர். நவம்பரில் அரசே அக்கட்டணத்தை ஏற்பதாக அறிவித்தது. பாராட்டத்தக்க செயல் இது. ஆயினும் தமிழ்வழி பயின்ற மாணவி உடற்கூற்றியலைத் திடீரென ஆங்கிலத்தில் எதிர்கொள்ளும் முதல் ஆறு திங்கள்களே கடினமானவை. அவளுக்கு அறிவு குறையவில்லை, சொல்தான் எட்டவில்லை. அக்காலத்தில் தனி வகுப்பும் மூத்த மாணவர் துணையும் கல்லூரிதோறும் ஏற்பாடு செய்யப்பெறல் வேண்டும்.

விடுபட்டோரும் நம் கடமையும்

சட்டத்தில் ஒரு குறையும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிள்ளைகள் இவ்வொதுக்கீட்டில் இடம்பெறவில்லை. 2022 ஏப்ரல் 7 அன்று இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்த சென்னை உயர்நீதிமன்றம், அவர்களையும் சேர்க்கவேண்டும் என்ற வேண்டுகோளை ஏற்கவில்லை. ஒதுக்கீட்டை ஐந்தாண்டுகளில் மறுஆய்வு செய்யுமாறும் கூறியது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுள் பல உதவி பெறும் பள்ளிகளே. அங்கே பயிலும் ஏழைப் பிள்ளையின் வீட்டு அடுப்பு, அரசுப் பள்ளிப் பிள்ளையின் வீட்டு அடுப்பினின்றும் வேறுபட்டதன்று. வருமானத்தை அளவுகோலாகக் கொண்டேனும் அவர்களைச் சேர்க்கும்படி மறுஆய்வில் முறையாக வற்புறுத்துவது நம் நிறுவனங்களின் பொறுப்பாகும். ஆயினும், அரசுப் பள்ளி மாணவர் பெற்றதைக் குறைத்து நாம் பெறுதல் நம் வேட்கையன்று. வாயில் அகலவேண்டும் என்பதே வேட்கை.

தென்காசி மாவட்டம் 2019இல் உருவாயிற்று. 2022 சனவரியில் தமிழகத்தில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பெற்றபோது அப்பட்டியலில் விருதுநகர் இருந்தது, தென்காசி இல்லை. சங்கரன்கோவில் மக்கள் கொடிய நோய் வந்தால் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள திருநெல்வேலிக்கே விரைகின்றனர். இத்தகைய ஊர்களுக்கு வந்து தங்கிப் பணியாற்ற விரும்பும் மருத்துவர் யாவர்? இம்மண்ணின் பேச்சும் வறுமையும் அறிந்த பிள்ளைகளிடமே நாம் அதனை மிகுதியாக எதிர்பார்க்கலாம்.

சமுதாயப் பெரியோர்களே! பைத்துல்மால் நிதியில் ஒரு பங்கை, மருத்துவம் பயிலச் செல்லும் பிள்ளைகளின் முதலாண்டு நூல்களுக்கும் உணவுக்கும் ஆங்கிலப் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். சமயம் பாராது ஊர்ப்பிள்ளை என்றே அதனை வழங்குங்கள். ஆசிரியப் பெருமக்களே! பதினொன்றாம் வகுப்பிலேயே அறிவியற் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையாகக் கற்பியுங்கள். அன்பு மாணவர்களே! குறைந்த எண்ணுடன் நுழைந்தீராயின் தலை குனிய வேண்டா. ஆனால் அந்த எண்ணோடே நின்றுவிடவும் வேண்டா. நுழைவு உங்களுக்குரிய உரிமை. தேர்ச்சி நீங்கள் ஊருக்குச் செலுத்தவேண்டிய கடன்.