யார் போட்ட கையெழுத்து?

ஆன்லைனில் பழைய புத்தகம் விற்கிறேன். வீட்டுக்கு வேண்டிய பலதையும் ஆன்லைனில்தான் வாங்குகிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்பதால் இந்தக் கையெழுத்து விஷயத்தில் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. விலை கூடின சாமான் என்றால், கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லி, அதற்குத் தனியாகப் பணமும் கட்டி அனுப்புகிறோம். நம் பொருள் வேறு யார் கையிலும் போய்விடாது என்று வாங்குகிறவருக்கு ஒரு நிம்மதி. ‘வந்து சேரவில்லை’ என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் எடுத்துக் காட்ட அனுப்பினவருக்கு ஒரு அத்தாட்சி. இதற்காகத்தான் அந்தக் கையெழுத்து. இன்றைக்கு அது இரண்டு பேருக்குமே உதவுவதில்லை.

கலைக்களஞ்சியம் ஒரு செட் என்னிடம் வந்தது. பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த அதே கலைக்களஞ்சியம். உதிரியாக ஒன்றிரண்டு தொகுதி கிடைக்கும். பத்தும் சேர்ந்தாற்போல் கிடைப்பது அபூர்வம். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கேட்டார். பென்ஷனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்த பணம் என்று அவரே சொன்னார். ஒவ்வொரு தொகுதியையும் செய்தித்தாளில் சுற்றி, பாலித்தீன் உறைக்குள் போட்டு, முனை மடங்காமல் இருக்க ஓரங்களில் தெர்மாகோல் வைத்து, இரண்டு அட்டைப்பெட்டிகளாகக் கட்டினேன். கையெழுத்து கட்டாயம் என்று பதிவு செய்துதான் தனியார் கொரியரில் ஒப்படைத்தேன்.

‘டெலிவர்டு’ என்று மெசேஜ் வந்துவிட்டது. மறுநாள் ஆசிரியர் கூப்பிட்டார். “அம்மா, புத்தகம் அனுப்பிட்டீங்களா? இன்னும் வரலியே?” எனக்குத் திக்கென்றது. கொரியர் கிளையில் போய்க் கேட்டால், “சைன் இருக்கேக்கா, குடுத்தாச்சு” என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்கள். பெயர் என்ற இடத்தில் ஆசிரியரின் பெயர் டைப் ஆகியிருந்தது. கையெழுத்து என்ற கட்டத்தில் மழைக்கு வெளியே வந்த மண்புழு மாதிரி ஒரே ஒரு கோணல் கோடு. அதைப் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாளில் தலைப்பெழுத்தோடு தன் முழுப் பெயரையும் தமிழில் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைத்திருந்தார். “பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் வருஷக்கணக்காக நான் போட்ட கையெழுத்து இதுதான் அம்மா. நான் பொய் சொல்லவில்லை” என்று அடியில் ஒரு வரி.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை, கேட்கவும் இல்லை. ஆனால் அந்தக் கோணல் கோடு அவரை அந்த நிலைக்குத் தள்ளிவிட்டது. காசு கொடுத்து வாங்கின மனிதர், தன் நேர்மைக்குத் தானே சாட்சி தேடித் தர வேண்டியதாயிற்று.

பெட்டிகள் கடைசியில் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு உரக்கடையில் இருந்தன. கடைக்காரர் ஏதோ கல்யாணத்துக்குக் கடையைப் பூட்டிவிட்டு வெளியூர் போயிருந்தார். தரையில் வைத்ததால் ஒரு பெட்டியின் அடிப்பாகம் ஈரம் வாங்கி, இரண்டு தொகுதிகளின் பைண்டிங் ஊறிப்போயிருந்தது. “பரவாயில்லம்மா, காயப்போட்டுக்கிறேன்” என்றார் ஆசிரியர். அந்த இரண்டு தொகுதிகளின் பணத்தைத் திருப்பித் தந்தேன், வாங்க மாட்டேன் என்றவரிடம் வற்புறுத்தித்தான் தந்தேன். கொரியர் நிறுவனம் எனக்கு ஒரு பைசா தரவில்லை. அவர்கள் கணக்கில் பார்சல் உரியவரிடம் சேர்ந்துவிட்டது. கையெழுத்து இருக்கிறதே!

என் வயிற்றெரிச்சல் எதில் என்றால், இதே பார்சலில் இன்னொரு கையெழுத்தும் உண்டு. புக் பண்ணும்போது ரசீதில் நான் போடுவது. அந்தக் கையெழுத்துக்கு மட்டும் இரும்புப் பிடி. ரசீதின் பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில், பொருள் தொலைந்தால் இவ்வளவுதான் தருவோம் என்று ஒரு சொற்பத் தொகை போட்டிருப்பார்கள். பாரதி நிட்டிங் கம்பெனி என்ற ஏற்றுமதி நிறுவனம் ஜெர்மனிக்கு அனுப்பின ஆவணங்கள் போய்ச் சேரவில்லை என்று ஒரு சர்வதேசக் கொரியர் மீது போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ரசீதில் 100 டாலர்தான் பொறுப்பு என்று அச்சடித்திருக்கிறது, அதில் கையெழுத்துப் போட்டவரை அது கட்டுப்படுத்தும் என்று 1996-இல் தீர்ப்பு. சட்டம் அப்படி இருக்கலாம், அதில் நான் வாதாட வரவில்லை. ஆனால் படிக்கவே முடியாத எழுத்துக்குக் கீழே நான் போட்டது என்னைக் கட்டுப்படுத்தும் என்றால், வாசலில் வேறு யாரோ கிறுக்கினது அவர்களை ஏன் கட்டுப்படுத்தக் கூடாது? கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று என்னிடம் காசு வாங்கினது அவர்கள்தானே?

ரிஜிஸ்டர் தபால் இருந்த காலத்தில் இந்த நம்பிக்கை கையில் பிடிக்கிற மாதிரி இருந்தது. ஒப்புகை அட்டையை நாமே நம் விலாசம் எழுதித் தபாலோடு சேர்த்து ஒட்டுவோம். போஸ்ட்மேன் அதில் கையெழுத்து வாங்கி, தேதி முத்திரை குத்தி, அட்டை திரும்பி நம் வீட்டுக்கே வந்துவிடும். வாங்கினவரின் மையும் எழுத்தும் நம் கையில் இருக்கும். சரியான விலாசமிட்டு, பணம் கட்டி, ரிஜிஸ்டரில் அனுப்பினால் அது போய்ச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1897-ஆம் ஆண்டின் பொதுச் சொற்கூறுகள் சட்டம் 27-ஆம் பிரிவில் சொல்கிறது. மாறாக நிரூபிக்கும் வரை அதுதான் நிலை. வக்கீல் நோட்டீஸ்களை எல்லாம் ரிஜிஸ்டரில் அனுப்பினது இதனால்தான். அந்த ரிஜிஸ்டர் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த புதுக் கட்டணப்படி, ‘பதிவு’ வேண்டும் என்றால் ஸ்பீடு போஸ்ட் கட்டணத்துக்கு மேல் ஐந்து ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். ஓடிபி கேட்டு ஒப்படைக்க வேண்டும் என்றாலும் அதே ஐந்து ரூபாய். தொகை சின்னதுதான், நான் குறை சொல்லவில்லை. எங்கள் பகுதிப் போஸ்ட்மேன் இன்றைக்கும் ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கிறார். அவருக்கு எங்கள் தெருவில் யார் எந்த வீடு, யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்பது வரை தெரியும். அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் தபால் துறையிடம் என் வேண்டுதல்.

தனியார் கொரியரில் வருகிற பையன்களைத் திட்ட எனக்கு மனம் வராது. பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி. முதுகில் ஒரு மூட்டை, பெட்ரோல் டேங்க் மேல் ஒரு மூட்டை. மூன்றாவது மாடி ஏறி, கதவைத் தட்டி, உள்ளே இருக்கிறவர் வந்து, போன் கண்ணாடியில் விரலால் கையெழுத்துப் போட்டு முடிக்கிற நேரத்தில் கீழே இரண்டு வீடு முடித்துவிடலாம். அந்த நேரத்துக்கு அவனுக்குத் தனிக் கூலி கிடையாது. கையெழுத்துக்கு என்று நான் கட்டுகிற பணம் அவன் கைக்குப் போவதாக எந்தப் பையனும் என்னிடம் சொன்னதில்லை. 2020-இல் கொரோனா வந்ததும் யாரும் யாரையும் தொடக் கூடாது என்று பேனாவும் போனும் கை மாறுவதை நிறுத்தினார்கள். அன்றைக்கு அது நியாயம். அப்போது படிந்த பழக்கம், வாசலில் வைத்துவிட்டு அவனே ஒரு கோடு இழுத்துக்கொள்வது, இன்றும் போகவில்லை.

கையெழுத்துக்குப் பதில் ஓடிபி என்றார்கள். சரி, ஏமாற்ற முடியாது என்று நானும் நம்பினேன். ஆனால் ஓடிபி போவது ஆர்டர் போட்டவரின் போனுக்கு. எங்கள் தெருக்கோடியில் ஒரு அம்மா தனியாக இருக்கிறார். மகன் அமெரிக்காவில். ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் ஒன்றை மகன்தான் அங்கிருந்து ஆர்டர் போட்டிருந்தார். இங்கே பகல் பன்னிரண்டு மணிக்குப் பையன் வாசலில் நிற்கிறான், அங்கே நடுராத்திரி, மகன் அசந்து தூங்குகிறார். “பாட்டி, நம்பர் சொன்னாத்தான் குடுக்க முடியும்” என்கிறான். “நம்பரா? நான்தாம்ப்பா இந்த வீட்டுக்காரி, வேணும்னா ஆதார் அட்டையக் காட்டுறேன்” என்கிறார் அவர். அவன் வேறு என்ன செய்வான்? அவன் போனில் ஆதாருக்கு இடம் இல்லை. பார்சல் திரும்பிப் போயிற்று. பெட்டியில் எழுதியிருப்பது அவர் பெயர், அவர் விலாசம். உரியவர் நேரில் நின்றும் அவரிடம் பொருள் சேரவில்லை.

இதற்கு நேர் எதிராக, வீட்டில் ஆள் இல்லாதபோது பையன் போன் பண்ணுவான். “அக்கா, ஓடிபி சொல்லிடுங்க, பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போறேன்.” ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பேங்க் ஒரு பக்கம் படித்துப் படித்துச் சொல்கிறது. டெலிவரி ஓடிபி என்று சொல்லியே பணத்தைச் சுருட்டுகிற கூட்டமும் இருக்கிறது. சொன்னால் பயம், சொல்லாவிட்டால் பார்சல் ரிட்டர்ன்.

அந்த ரிட்டர்னுக்குக் காட்டுகிற காரணம்தான் என்னை ரொம்பக் கொதிக்க வைப்பது. ‘வீடு பூட்டியிருந்தது.’ திண்ணையில் உட்கார்ந்து பார்சல் கட்டிக்கொண்டிருப்பேன், என் போனுக்கே அந்த மெசேஜ் வரும். காலிங்பெல் அடிக்கவில்லை, போன் வரவில்லை, தெருவில் ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை. கஸ்டமர் கேரில் கேட்டால், எங்கள் சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது என்பார்கள். இப்படிப் பொய்க் காரணத்தோடு பார்சல் திரும்பும்போது, விற்கிறவருக்குப் போக வர இரண்டு கூலியும் நஷ்டம். புடவை விற்கிற, ஊறுகாய் விற்கிற, வீட்டிலிருந்தே பிழைக்கிற எத்தனையோ பெண்களுக்கு ஒரு ரிட்டர்ன் வந்தால் அந்த வாரத்து லாபம் போச்சு.

இதன் விளைவாக விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டோம். ‘அன்பாக்சிங் வீடியோ கட்டாயம், வீடியோ இல்லாவிட்டால் ரிட்டர்ன் கிடையாது’ என்று புடவைக் கடைப் பெண்கள் பெரிய எழுத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். பிறந்தநாளுக்கு வந்த புடவையை ஆசையாகப் பிரிக்க வேண்டியவர், ஒரு கையில் போனைப் பிடித்து, லேபிளைக் காட்டி, நான்கு பக்கமும் திருப்பிக் காட்டி, போலீஸ் பஞ்சநாமா மாதிரிப் பிரிக்கிறார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நடுவில் இருக்கிறவர் கொடுக்க வேண்டிய அத்தாட்சியைக் கொடுக்காததால், இரண்டு முனையில் இருக்கிறவர்களும் தாங்களே அத்தாட்சி தயாரிக்கிறார்கள்.

சட்டம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் அதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் பண்ணலாம். நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லாமல் வழக்குப் போடலாம். வாங்குகிறவருக்கு இதெல்லாம் ஒரு பிடிமானம்தான், பயன்படுத்துங்கள். ஆனால் என்னைப் போன்ற சின்ன வியாபாரி கொரியர் மேல் போனால், நீங்கள் வியாபாரத்துக்காகச் சேவை வாங்கினவர், நுகர்வோரே இல்லை என்று முதல் வாய்தாவிலேயே எதிர்த்தரப்பு வாதம் வைக்கும். சுயதொழிலில் வயிறு பிழைக்கப் பொருள் வாங்கினவர் நுகர்வோர்தான் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளக்கம் சொல்கிறது. அது கொரியர் சேவைக்கும் பொருந்தும் என்று வாதாட வக்கீல் வைத்து அலைய, ஒரு செட் புத்தகத்தின் விலை போதாது.

கொரியர் நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உரக்கடையில் கொடுத்தால் உரக்கடை என்று எழுதுங்கள், வாங்கினவர் பெயரையும் அவருடைய போன் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். உரியவரின் பெயரை நீங்களே டைப் பண்ணிக்கொள்ளாதீர்கள். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் மறுபடி எப்போது வரட்டும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அல்லது உங்கள் கிளையில் சில நாள் வைத்திருங்கள், நாங்கள் அடையாள அட்டையோடு வந்து வாங்கிக்கொள்கிறோம். ஓடிபி இல்லாத பெரியவர்களிடம் அடையாள அட்டையைப் பார்த்துக் கொடுக்க வழி செய்யுங்கள். கையெழுத்துக்கு வாங்குகிற காசில் ஒரு பங்கை மாடியேறி வருகிற பையனுக்குக் கொடுங்கள். உரியவரிடம் கையெழுத்து வாங்கவில்லை என்று தெரிந்துவிட்டால், அந்தக் கட்டணத்தையாவது மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுங்கள். ஆசிரியருக்குப் போன பெட்டிகளுக்கு நான் கட்டின கையெழுத்துக் கட்டணத்தை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.