வோல்ட்டைப் பார்க்காதீங்க, புல்லைப் பாருங்க

போன மாசம் மணிலா மூட்டையோட தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல காத்திருந்தேன். ஏலம் முடிய நேரமாகும்னு தெரிஞ்சதும் ஒரு டீ குடிச்சுட்டு தொழிற்பேட்டைப் பக்கமா நடந்தேன். ஒரு கம்பெனி வாசல்ல புல்தரை போட்டிருந்தாங்க. ஒரு பையன் புல் வெட்டுற மெஷினைத் தள்ளிக்கிட்டுப் போறான், சத்தம் டேபிள் ஃபேன் அளவுக்குத்தான் இருக்கு. புகை இல்லை. என்னப்பா இதுன்னு கேட்டா, "பேட்டரிங்க ஐயா"ன்னான். நின்னு பார்த்தேன். நல்லாத்தான் வெட்டுது. வெட்டி முடிச்சு, அவ்வளவு புல்லையும் கறுப்பு பிளாஸ்டிக் பையில அமுக்கிக் கட்டி குப்பைத் தொட்டி பக்கத்துல வெச்சுட்டுப் போயிட்டான். நல்ல அருகம்புல்லு. எங்க வீட்டு மாடு ஒரு வேளைக்குத் தின்னும்.

அந்த மெஷினைப் பத்தி நான் பேசக் காரணம் இருக்கு. சென்னையில இருக்கிற மருமகன் வீட்டு முன்னாடி கொஞ்சம் புல்தரை போட்டிருக்கார். "மாமா, 20 வோல்ட் வாங்கலாமா, 40 வோல்ட் வாங்கலாமா?"ன்னு போன் பண்ணிக் கேட்டார். டவுன்ல இருக்கிறவங்க பல பேரு இப்படித்தான் பெட்டி மேல இருக்கிற நம்பரைப் பார்க்குறாங்க. நானும் ஒரு பேட்டரி மெஷின் வெச்சிருக்கேன். தள்ளுற வண்டி இல்லை, தோள்ல மாட்டி வரப்பு வெட்டுற பிரஷ் கட்டர். அதுல பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

20 வோல்ட்னு போட்டிருக்கிற பேட்டரி நெசமா 18 வோல்ட்தான். 40னு போட்டிருந்தா 36. முழுசா சார்ஜ் ஆன நிமிஷத்துல இருக்கிற அளவைப் பெட்டியில பெருசா போட்டுடறாங்க. நீங்க பார்க்க வேண்டியது வோல்ட்டையும் ஏஎச்-சையும் பெருக்கி வர்ற கணக்கை. 36 வோல்ட், 4 ஏஎச்னா 144 வாட் அவர். மெஷின் 500 வாட் இழுத்தா 17 நிமிஷம் ஓடும். அடர்ந்த புல்லுல அதுக்கு மேலயும் இழுக்கும், அப்போ நேரம் இன்னும் குறையும். ஆக உங்க தரையை வெட்ட எத்தனை நிமிஷம் ஆகும்னு முதல்ல பாருங்க. ஒரு பேட்டரியில முடியலைன்னா இரண்டாவது பேட்டரி விலையையும் சேர்த்துத்தான் மெஷின் விலை. கடைக்காரர் அதைத் தானா சொல்ல மாட்டார். அதே பேட்டரி வேற எந்த மெஷின்ல மாட்டும்னும் கேட்டு வாங்குங்க. ட்ரில்லு, கிளை வெட்டுற ரம்பம் எல்லாத்துக்கும் ஒரே பேட்டரின்னா காசு மிச்சம்.

அடுத்தது தரை. சக்கரம் வெச்ச வண்டி சமமான தரைக்கு மட்டும்தான். மேடு பள்ளம், மரத்தடி, மதில் ஓரம்னா அது சிக்கி நிக்கும். அதுக்கு நைலான் நரம்பு சுத்துற கருவிதான் சரி. அருகு தரையை ஒட்டி வெட்டினாலும் தாங்கும். பெரிய இலை உள்ள எருமைப்புல்லை ரெண்டு இஞ்சுக்குக் கீழே வெட்டினா மஞ்சளாப் போயிடும். எந்தப் புல்லா இருந்தாலும் ஒரே தடவையில மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க. மழை விட்டதும் ஈரப் புல்லை வெட்டப் போனா அது அடியில அப்பிக்கிட்டு பேட்டரியைக் குடிச்சுடும். அதை வழிச்சு எடுக்கிறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டிடணும். சத்தம் இல்லாத மெஷின், ஆஃப்ல இருக்குன்னு நெனச்சு கைய விட்டுடுவோம்.

இந்த மெஷின் மில்லுல பொறந்த கதை எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கிலாந்துல 1830-ல எட்வின் பட்டிங்னு ஒருத்தர், துணி மில்லுல துணி மேல நீட்டிக்கிட்டு நிக்கிற நூலைச் சீவுற உருளையைப் பார்த்துட்டு, இதையே புல்லு மேல ஓட்டினா என்னன்னு யோசிச்சார். புதுச்சேரியில மில்லு சங்கு கேட்டு வளர்ந்த என்னை மாதிரி ஆளுக்கு இது வேடிக்கையா இருக்கு. நம்ம ஊரு மில்லெல்லாம் மூடிக் கிடக்கு. மில்லுல பொறந்த மெஷின் தொழிற்பேட்டையில புல்லு வெட்டுது.

சரி, என் கதைக்கு வர்றேன். எங்க கழனி வரப்புல புல்லு வெட்ட ஆள் கிடைக்காம நானும் எல்லாரையும் போல களைக்கொல்லி அடிச்சேன். கிளைபோசேட். ரெண்டு வாரத்துல வரப்பு காஞ்சு பழுப்பாயிடுச்சு, பார்க்க சுத்தமாத்தான் இருந்தது. அது இலையில பட்டு வேர் வரைக்கும் போற மருந்து. வேர் செத்துப் போச்சுன்னா மண்ணை எது பிடிச்சு வைக்கும்? அந்த வருஷம் ஐப்பசி மழையில வரப்பு மூணு இடத்துல உடைஞ்சு தண்ணி மொத்தமும் பக்கத்துக் கழனிக்குப் போச்சு. போட்ட யூரியாவும் அதோட போச்சு. வீட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்லலை. ரெண்டு மாசம் மாட்டுக்குப் புல்லைக் காசு கொடுத்து வாங்கினாங்க, அவ்வளவுதான். மருந்து அடிச்ச வரப்புல அறுத்து மாட்டுக்குப் போட முடியுமா?

உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-லயே இந்த மருந்தைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு இருக்கிற பொருள்கள் வரிசையில சேர்த்தது. 2022 அக்டோபர்ல மத்திய அரசும், பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மூலமாத்தான் இதை அடிக்கணும்னு அறிவிச்சது. ஆனா எங்க பக்கம் வரப்புல பழுப்பு நிறம் இன்னும் குறையலை. பேட்டரி மெஷின் அரிவாளுக்குப் பதிலா வந்ததுன்னு டவுன்ல நெனைக்கிறீங்க. என்னைக் கேட்டா, கிராமத்துல அது அந்த மருந்து டப்பாவுக்குப் பதிலா வரணும். மெஷினால வெட்டினா வேர் உசிரோட இருக்கு, வரப்பு நிக்குது, புல்லு மாட்டுக்கு ஆகுது.

பெட்ரோல் மெஷின் வேண்டாம்னு நான் சொல்லலை. முள்ளும் புதருமா கிடக்கிற இடத்துல என் பேட்டரி மெஷின் திணறும், அங்க பெட்ரோல்தான். நாள் முழுக்கக் கூலிக்கு வெட்டுறவருக்கும் இப்போதைக்கு அதுதான். ஆனா வீட்டு வாசல்ல அரை மணி நேர வேலைக்கு, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இத்தனை மில்லி ஆயில்னு கலந்து, கயித்தை இழுத்து இழுத்துத் தோள் கழண்டு, பக்கத்து வீட்டுக்குப் புகை விடணுமா? அமெரிக்காவுல கலிபோர்னியா அரசோட காற்று வாரியம், பெட்ரோல் புல் மெஷினை ஒரு மணி நேரம் ஓட்டுற மாசு, காரை 300 மைல் ஓட்டுற மாசுக்குச் சமம்னு கணக்குச் சொல்லுது. சென்னையில இருந்து மதுரை தாண்டிப் போற தூரம். 2021-ல சட்டம் கொண்டு வந்து, 2024-ல இருந்து புதுசா வர்ற மெஷின் புகையில்லாததா இருக்கணும்னு சொல்லிட்டாங்க.

பேட்டரியைப் பார்த்துக்கிறதுல நான் ஒரு தப்புப் பண்ணேன். மருந்து அடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர்ல இருக்கிறது 12 வோல்ட் ஈய பேட்டரி. அதை எப்பவும் முழுசா சார்ஜ் போட்டு வைக்கணும், இல்லைன்னா செத்துடும். அந்தப் பழக்கத்துல இந்த லித்தியம் பேட்டரியையும் முழுசா ஏத்தி, தகர ஷெட்டுல கோடை முழுக்கப் போட்டு வெச்சேன். இப்போ அது முன்ன மாதிரி நேரம் நிக்குறதில்லை. லித்தியத்துக்கு நேர் எதிர் பக்குவம். ரொம்ப நாள் வேலை இல்லைன்னா பாதி சார்ஜோட, நிழல்ல, வீட்டுக்குள்ள வைக்கணும். வெட்டி முடிச்சு சூடா இருக்கும்போதே சார்ஜர்ல போடக் கூடாது, அரை மணி நேரம் ஆறட்டும்.

மருமகன்கிட்ட கடைசியா, சின்னதையே வாங்குங்க, ரெண்டு பேட்டரி வேண்டாம், ஒண்ணு போதும்னு சொன்னேன். வெட்டுன புல்லை என்ன பண்றதுன்னு கேட்டார். உங்க தெருவுக்குப் பால் ஊத்துறவர் மாடு வெச்சிருந்தா கூப்பிட்டுக் கொடுங்க, மருந்து அடிக்காத புல்லுன்னு சொல்லிக் கொடுங்க, இல்லைன்னா அங்கயே தரையில விட்டுடுங்க, உரமாகும்னேன்.

எங்க பக்கத்துக் கழனிக்காரர் இந்தப் பட்டத்துக்கு மருந்து வாங்கலை, மெஷினை இரவல் கேட்டிருக்கார். ஞாயித்துக்கிழமை காலையில கொடுக்கறதாச் சொல்லியிருக்கேன். புல்லு பாதி எனக்கு, பாதி அவர் மாட்டுக்கு. பேட்டரியை மட்டும் நானே கொண்டு போய் மாட்டி, நானே கழட்டி எடுத்துட்டு வரப் போறேன்.