உலகச் செய்தி தெரியும். உங்கள் வார்டு செய்தி தெரியுமா?

 

காலையில் எந்த டீக்கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்க அதிபர் நேற்று என்ன பேசினார் என்பது அவர்களுக்குத் தெரியும். டெல்லியில் எந்த அமைச்சருக்கும் எந்த அமைச்சருக்கும் ஆகவில்லை என்பது தெரியும். தங்கம் பவுனுக்கு எவ்வளவு ஏறியது என்பது விரல் நுனியில் இருக்கும். அவர்களிடம் மெதுவாக ஒரு கேள்வி கேளுங்கள். "அண்ணே, நம்ம தெரு எத்தனையாவது வார்டு? போன மாதம் மன்றக் கூட்டத்தில் நம்ம வார்டுக்கு என்ன தீர்மானம் போட்டார்கள்?"

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "அதெல்லாம் நமக்கு எதுக்கு பாய்?" என்று ஒருவர் சொல்வார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர் எழுந்து போகும் தெருவில் சாக்கடை பொங்கி ஓடிக்கொண்டிருக்கும்!

சிந்தித்துப் பாருங்கள்! அமெரிக்க அதிபர் வந்து நம் தெருச் சாக்கடையை அடைக்கவும் மாட்டார், திறக்கவும் மாட்டார். நம் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், குடிக்கிற தண்ணீர், இரவில் எரிய வேண்டிய தெருவிளக்கு, குப்பை வண்டி, இறைச்சிக் கூடம், கடைக்கான தொழில் உரிமம், கடைசியில் நாம் போய்ச் சேருகிற அடக்கஸ்தலம் வரை உள்ளாட்சியின் கை படாத இடம் நம் வாழ்க்கையில் எது? 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகள் என்று 18 பணிகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலை வாசித்துப் பாருங்கள். அது உங்கள் ஒரு நாள் வாழ்க்கையின் பட்டியல்!

தொடையில் கயிறு திரித்த கதை

தூங்குகிறவன் தொடையில் கயிறு திரிப்பார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். 2022ஆம் ஆண்டு நடந்தது அதுதான்.

அந்த ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மார்ச் 2ஆம் தேதி கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். மாலை வாடுவதற்குள், ஏப்ரல் தொடக்கத்திலேயே சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. வீடுகளுக்கு, இடத்தையும் பரப்பளவையும் பொறுத்து 25 சதவீதம் முதல் 150 சதவீதம் வரை உயர்வு. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் வணிகக் கட்டடங்களுக்கு 150 சதவீதம். நூறு ரூபாய் கட்டியவர் இருநூற்றைம்பது ரூபாய் கட்ட வேண்டும் என்று அர்த்தம்!

கடைத்தெருவே கொதித்தது. "இப்படியா திடீரென்று தலையில் போடுவது?" என்று கேட்டோம். திடீரென்றா? 15ஆவது நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, மாநில வளர்ச்சிக்கு ஏற்ப வசூலை உயர்த்திக் காட்ட வேண்டும் என்று முன்பே நிபந்தனை போட்டிருந்தது. அது ஒளித்து வைத்த சங்கதி அல்ல. அச்சிட்ட அறிக்கையில் இருந்த சங்கதி. தேர்தலில் வீடு தேடி வந்து கும்பிட்ட எந்த வேட்பாளரிடமாவது, எந்தக் கட்சிக்காரரிடமாவது, "வரியை ஏற்றுவீர்களா, மாட்டீர்களா?" என்று நாம் கேட்டோமா? கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. அறிவிப்புக்குப் பிறகு ஆட்சேபனை கேட்டு விளம்பரம் வந்தது. அதையாவது படித்து, நம் கடைத்தெருவிலிருந்து எத்தனை பேர் எழுதிக் கொடுத்தோம்? வாயால் திட்டியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். காகிதத்தில் எழுதிக் கொடுத்தவர்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அரசாங்க ஃபைலில் திட்டு ஏறாது, சகோதரர்களே! எழுத்துதான் ஏறும்.

வரி உயர்வே கூடாது என்பது நம் வாதமல்ல. வரி இல்லாமல் ஊர் நடக்காது. வரியைக் கேட்கிறவர்கள் கணக்கையும் சொல்ல வேண்டும். எவ்வளவு வசூல், அதில் எங்கள் வார்டுக்கு எவ்வளவு, எந்த வேலை, எந்த ஒப்பந்ததாரர், எப்போது முடியும்? இந்த ஐந்துக்கும் பதில் இல்லாத வரி, ரசீது இல்லாத வியாபாரம். ரசீது தராத கடையில் நாம் சரக்கு எடுப்போமா?

மன்றமே இல்லாமல் கிடந்த ஆண்டுகள்

"கவுன்சிலர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, எல்லாம் ஒன்றுதான்" என்று பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வரலாறு தெரியாது.

1973இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996இல். இருபத்து மூன்று ஆண்டுகள்! அதற்குள் ஒரு தலைமுறையே வளர்ந்து, மணமுடித்து, பிள்ளை பெற்றுவிட்டது. மறுபடியும் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அறிவித்த தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தானது. நகரங்களுக்கு மீண்டும் தேர்தல் வர 2022 ஆகிவிட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுக்கும் மேலாகத் தனி அதிகாரிகள் ஆண்டார்கள். அதிகாரி நல்லவராக இருக்கலாம், திறமைசாலியாகவும் இருக்கலாம். ஆனால் அவரிடம், "ஓட்டுக் கேட்டு வந்தாயே, இப்போது பதில் சொல்" என்று கேட்க முடியுமா?

அப்படிக் காத்திருந்து கிடைத்த தேர்தலில் சென்னையில் வாக்களித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 44 சதவீதம்தான்! பாதிப் பேருக்கு மேல் வீட்டில் படுத்துக்கொண்டு, மறுநாள் எழுந்து, "ஊர் கெட்டுப் போச்சு" என்றார்கள். யார் கெடுத்தது?

திறந்து வைத்த கதவு

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். இளைஞர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

கிராமத்தில் கிராம சபை இருப்பது போல நகரத்தில் பகுதி சபை உண்டு. தமிழ்நாட்டில் இதற்கான சட்டத் திருத்தம் வந்தது 2010இல். விதிகள் வந்ததோ 2022இல். பூட்டைச் செய்துவிட்டுச் சாவி செய்யப் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள்! 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் பகுதி சபைகள் கூடின. முதலமைச்சரே தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்தில் கலந்துகொண்டார். ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. சென்னையில் வார்டுக்கு 10 பகுதிகள். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் சபையின் உறுப்பினர். நீங்கள் உறுப்பினர்! உங்கள் வீட்டுத் தாய்மார்கள் உறுப்பினர்! கட்சி அட்டை தேவையில்லை, சிபாரிசு தேவையில்லை. கவுன்சிலர் வந்து உட்கார வேண்டும். குடிநீர், துப்புரவு, தெருவிளக்குக் குறைகளை நீங்கள் சொல்ல வேண்டும். எந்த வேலை முதலில் என்று நீங்கள் வரிசைப்படுத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாட்களைக் கடைக் காலண்டரில் இன்றே வட்டம் போட்டுக் கொள்ளுங்கள்.

"போங்க பாய், அது வெறும் நாடகம். கவுன்சிலர் ஆட்கள் பத்துப் பேர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்" என்கிறீர்களா? பல இடங்களில் அப்படி நடப்பதை நானும் அறிவேன். கூட்டமே நடக்காமல் தேதி கடந்துபோகிற இடங்களும் உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்லுங்கள். வெற்று நாற்காலி இருந்தால்தானே அவர்களின் ஆட்கள் உட்கார முடியும்? அந்த நாற்காலியில் நீங்கள் முதலில் போய் உட்கார்ந்தால் நாடகம் எப்படி நடக்கும்? கூட்டம் நடக்கவில்லை என்றால், "ஏன் நடக்கவில்லை?" என்று ஐம்பது பேர் கையெழுத்துப் போட்ட மனு ஆணையரின் மேசையில் இருக்க வேண்டாமா?

தள்ளுவண்டிச் சகோதரர்களுக்கு

நடைபாதையில் கடை போட்டிருப்பவர்கள், தள்ளுவண்டியில் பழம் விற்பவர்கள், துணி விற்பவர்கள் நம்மில் ஏராளம். லாரி வந்து சரக்கை அள்ளிக்கொண்டு போகும்போது கண்ணீர் வடிப்பதும், யாராவது 'அண்ணனை'த் தேடி ஓடுவதும்தான் நமக்குத் தெரிந்த வழி.

2014இல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை இயற்றியது. அதில் என்ன இருக்கிறது? நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள், வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டு இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய இடம் தர வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும் வரை ஏற்கெனவே வியாபாரம் செய்பவரை அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானாலும் வெளியேற்றுவதானாலும் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். உரிய கட்டணத்தைக் கட்டிக் கேட்டால் அழுகக்கூடிய பொருளை அன்றைக்கே, மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.

இந்தச் சட்டம் வந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. உங்கள் ஊர் விற்பனைக் குழுவில் உங்களுக்காக உட்கார்ந்திருப்பவர் யார்? பெயர் தெரியுமா? தெரியாது என்றால், உங்கள் பிழைப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியாத யாரோ பேசிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்!

நிர்வாகமே, நீயும் கேள்!

மக்கள் மீது மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக நாம் தயாரில்லை. மன்றத் தீர்மானங்கள் எந்த மொழிநடையில் இருக்கின்றன? வக்கீலே மூச்சு வாங்கிப் படிக்க வேண்டிய நடை! வரி என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் நோட்டீஸ் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, கூட்டம் என்றால் மட்டும் ஒரு துண்டுத்தாள் ஒட்டத் தெரியவில்லையா? தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005, யாரும் கேட்காமலே தகவலை வெளியிட வேண்டும் என்று 4ஆவது பிரிவில் சொல்கிறது. உள்ளூர் மொழியில், மக்களுக்குப் போய்ச் சேரும் வழியில் வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. கூட்டத்துக்கு முன்பே பொருள் பட்டியலையும், கூட்டம் முடிந்ததும் தீர்மானத்தையும் நல்ல தமிழில் வார்டு அலுவலக வாசலில் ஒட்டுங்கள். இது சலுகை அல்ல; எங்கள் பணத்தில் நடக்கும் வேலையின் விவரம்!

நாம் செய்ய வேண்டியது

தெருவுக்கு மூன்று இளைஞர்கள் போதும். கடைத்தெரு முனையில் ஒரு கரும்பலகை வையுங்கள். வார்டு எண், கவுன்சிலர் பெயர், உதவிப் பொறியாளர் அலுவலகம், அடுத்த பகுதி சபை தேதி, நடக்கும் வேலையும் அதன் தொகையும் என ஐந்து விவரங்களை எழுதுங்கள். மாதம் ஒரு முறை மாற்றுங்கள். தெரியாததை 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனுவாகப் போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் 1913க்குப் புகார் செய்தால், புகார் எண்ணையும் பலகையில் எழுதுங்கள்.

ஒரு நிபந்தனை! ஆவணத்தைப் பார்க்காமல் பலகையில் ஒரு எழுத்தும் ஏறக் கூடாது. வதந்தி எழுதினால் முதல் நாள் கூட்டம் கூடும். மறுநாள் நம்பிக்கை போய்விடும். நம் தெருவை மட்டும் எழுதாதீர்கள், பக்கத்துக் குப்பத்தையும் எழுதுங்கள். சாக்கடைக்குச் சாதி மதம் தெரியாது. அங்கே அடைத்தால் இங்கே பொங்கும்.

"அதிகாரியைப் பகைத்துக்கொண்டு கடை நடத்த முடியுமா?" என்று வணிகர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. தனிக் கடை பயப்படும். தெரு முழுவதும் சேர்ந்து கேட்டால் யாரைத் தனியாகப் பிடித்து மிரட்டுவார்கள்? அதே நேரம் நம் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதைக்கூட வாங்கத் தெரியாமல் அபராதம் கட்டுகிறவர்கள் எத்தனை பேர்? கடைப் படியை இழுத்து நடைபாதையில் விட்டுவிட்டு, அதை மறைக்க மாதம் ஒருவருக்குக் 'கவனிப்பு' செய்கிறவர் நியாயம் கேட்க வாய் திறக்க முடியுமா? பாதசாரி நடக்கிற இடத்தை முதலில் விடுங்கள். பிறகு நிமிர்ந்து நின்று கேளுங்கள்.

தும்பை விட்டு வாலைப் பிடித்தது போதும், சகோதரர்களே! வரி நோட்டீஸும் இடிப்பு நோட்டீஸும் வந்த பிறகு ஓடுவது வாலைப் பிடிப்பது. தீர்மானம் போடும் முன்பே சபையில் போய் நிற்பதுதான் தும்பைப் பிடிப்பது. 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களுக்கு ஆயுள் ஐந்தே ஆண்டுகள். அடுத்து மாலையோடு ஒருவர் உங்கள் வாசலுக்கு வரும்போது, உங்கள் கரும்பலகையில் அவர் வார்டின் கணக்கு எழுதியிருக்க வேண்டும். அவர் பேசட்டும். நீங்கள் பலகையைக் காட்டுங்கள்!

இந்த இதழை மடித்து வைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வார்டு எண்ணைக் கண்டுபிடித்து, இந்தப் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.