காத்திருத்தலும் ஒரு தொண்டு

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவர் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், அன்புள்ள குடும்பத்தார் அவரைக் கட்டிலில் அமர்த்தி, யாவற்றையும் கையில் கொண்டுவந்து தருகின்றனர். ஆனால், மீண்டும் மீண்டும் செய்யும் பயிற்சியால்தான் மூளை இழந்த இயக்கத்தைத் திரும்பக் கற்கிறது. ஆகவே, அவரை விழாமல் காப்பதும், இயன்றதை அவரே செய்ய விடுவதும் அந்த இல்லத்தின் இரு கடமைகள்.

முதலாவது, காப்பு. நடைவழியில் மிதியடி, மணை, மின்கம்பி எதுவும் கிடக்கலாகாது. உயர்ந்த நிலைப்படிக்குச் சிறு சாய்தளம் அமைக்கலாம். கழிவறைச் சுவரில், வலுவுள்ள கை எட்டும் பக்கத்தில், கைப்பிடி பதிக்க வேண்டும். படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவில் விளக்கு எரியட்டும். உணர்ச்சி குன்றிய கைக்கு வெந்நீரின் சூடு தெரியாது. மற்றக் கையால் தொட்டுப் பார்த்தே குளிக்க வேண்டும்.

அடுத்தது, பயிற்சி. பூஜையறை முன் கைவைத்த உறுதியான நாற்காலியை இட்டு, பூத்தட்டை நலிந்த கையின் பக்கம் வைத்தால் அர்ச்சனையே பயிற்சியாகும். விளக்கேற்றுவதைப் பிறர் செய்யலாம். தீர்த்தமேயாயினும், விழுங்கும் திறனை மருத்துவர் சோதித்த பின்னரே, நிமிர்ந்து அமர்ந்த நிலையில் தர வேண்டும். இல்லையேல் நீர் நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும்.

ஒரு மலரை எடுத்து இறைவன் திருவடியில் சேர்க்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆகலாம். குறுக்கே கைநீட்டி உதவாமல் அந்த ஐந்து நிமிடமும் பொறுமையாகக் காத்திருப்பதே வீட்டார் செய்யும் பெருந்தொண்டு.