ஒட்டுத்தகட்டின் அடியில்

விமான விபத்தைப் பற்றிப் பேச நேர்ந்தால் நம் இலக்கிய மனம் விதியைத் துணைக்கழைக்கிறது. அல்லது இயந்திர நாகரிகத்தின் செருக்கைப் பழிக்கிறது. இரண்டும் சோம்பலான விளக்கங்கள் என்பது என் எண்ணம். விசாரணை அறிக்கைகளைப் பொறுமையாக வாசித்தால், சில பேரழிவுகளின் வேரில் இருப்பது ஒரு சிறிய தழும்பும் அதைப் பற்றி எழுதப்பட்ட ஒரு வாக்கியமும்தான் என்பது புலப்படும்.

விமானத்தின் அலுமினியத் தோலில் கீறலோ பள்ளமோ விழுந்தால், பார்வையிடுபவர் முதலில் அதை அளக்கிறார். அதன் நீளம், ஆழம், அருகிலுள்ள ரிவெட் வரிசையிலிருந்தும் உள்ளே தாங்கும் சட்டத்திலிருந்தும் அதன் தொலைவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் பழுதுநீக்கக் கையேட்டிலுள்ள எல்லைகளோடு ஒப்பிடுகிறார். கண்ணுக்கெட்டாத விரிசலைத் தேடச் சுழல் மின்னோட்டச் சோதனையும் மீயொலிச் சோதனையும் உண்டு. இத்தொழிலில் ஒரு வியப்பான முரண் உண்டு. கீறலைச் சுற்றியுள்ள உலோகத்தைத் தேய்த்துக் குறைத்தால் தகடு பிழைக்கிறது; விரிசலின் நுனியில் துளையிட்டால் விரிசல் நிற்கிறது. கூரிய முனையில்தான் விசை குவியும். முனையை மழுக்கிவிட்டால் அதன் கொடுமை தணியும். ஆக, பழுதைத் திறந்து அதன் எல்லை வரை சென்று பார்ப்பதே இங்கு மருத்துவம்.

அவ்வாறு செய்யாமல் மூடினால் என்னவாகும்? 1980 பிப்ரவரியில் ஹாங்காங்கில் தரையிறங்கிய சைனா ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்றின் வால்பகுதி ஓடுபாதையில் உரசியது. கீறல் விழுந்த தோலை வெட்டி நீக்காமல், அதன்மேல் ஓர் ஒட்டுத்தகடு அறையப்பட்டது. கையேட்டின்படி சீர்செய்யப்பட்டதாகப் பதிவேடு கூறியது. தகட்டின் அடியில் கீறல்கள் விரிசல்களாக வளர்ந்தன. வெளியிலிருந்து பார்த்தவர்களின் கண்ணிலிருந்து தகடே அவற்றை மறைத்தது. 2001 நவம்பரில் எடுக்கப்பட்ட படங்களில் தகட்டைச் சுற்றிப் பழுப்புக் கறைகள் இருந்தன. பயணிகளின் சிகரெட் புகை உள்ளிருந்து கசிந்து படிந்தவை அவை என்று பின்னர் கருதப்பட்டது. 2002 மே 25 அன்று தைவான் நீரிணைக்கு மேல் அவ்விமானம் நடுவானில் சிதறியது. 225 பேர் மாண்டனர்.

இதற்கு முன்னரே ஜப்பான் ஒரு பாடத்தைத் தந்திருந்தது. 1978இல் ஒசாகாவில் வால் உரசிய மற்றொரு 747இன் பின்பக்க அழுத்தத் தடுப்புச் சுவரைப் போயிங் நிறுவனத்தாரே சீர்செய்தனர். ஒரே தகடாக இருக்க வேண்டிய இணைப்பு இரண்டு துண்டுகளாகப் பொருத்தப்பட்டதால், ஓரிடத்தில் சுமை முழுவதும் ஒற்றை வரிசை ரிவெட்டுகளின்மேல் விழுந்தது. ஏழாண்டுகள், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பறத்தல்கள். 1985 ஆகஸ்ட் 12 அன்று அந்தச் சுவர் பிளந்தது. 524 பேரில் நால்வரே எஞ்சினர்.

இவ்விரு நிகழ்வுகளிலும் என்னை அலைக்கழிப்பது உலோகத்தைக் காட்டிலும் சொல்தான். ‘சீர்செய்யப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பி இருபத்திரண்டு ஆண்டுகள் மக்கள் பயணம் செய்திருக்கிறார்கள். எழுதப்பட்டுவிட்டதனாலேயே அடுத்து வந்த கண்களை அச்சொல் உறங்க வைத்தது. சுவடியில் சிதைந்துபோன அடியைத் தாமாக இட்டு நிரப்பாமல் புள்ளியிட்டு விடும் பதிப்பாசிரியரை நாம் போற்றுகிறோம். அவர் தம் அறியாமையின் எல்லையைப் பின்வருவோருக்குக் காட்டிச் செல்கிறார். பழுதுநீக்கப் பதிவிலும் அந்த நேர்மை வேண்டும். எதைப் பார்த்தோம் என்பதோடு எதைப் பார்க்க இயலவில்லை என்பதும் எழுதப்பட வேண்டும்.

ஐயுற்றுக்கொண்டே இருந்தால் எந்த விமானமும் பறக்காது என்று சிலர் சொல்லக்கூடும். அதில் நியாயம் உண்டு. ஆனால் நான் கோருவது முடிவற்ற ஐயத்தை அன்று. பழைய ஒட்டுகளின்மீது குறித்த கால இடைவெளியில் ஐயம் கொள்வதை மட்டுமே. வயதான விமானங்களின் பழைய பழுதுநீக்கங்களை மறுமதிப்பீடு செய்யும் விதியை அமெரிக்கா 2000இல் கொண்டுவந்தது. தைவானும் அதை ஏற்றிருந்தது. 2002இல் சிதறிய விமானத்துக்கு அந்தச் சோதனையின் முறை வருவதற்குள் காலம் முடிந்துவிட்டது.

இன்று இவ்வேலை மேலும் நுட்பமாகியிருக்கிறது. போயிங் 787இன் கட்டமைப்பில் எடையளவில் ஏறத்தாழப் பாதி கரிமநார்க் கலவைப்பொருள். அலுமினியம் அடிபட்டால் பள்ளம் விழுந்து சாட்சி சொல்லும். கலவைப்பொருளோ மேலே வழவழப்பாக இருந்துகொண்டு உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரிந்திருக்கக்கூடும். ஏணியோ சரக்கு வண்டியோ மோதியதைத் தரைப்பணியாளர் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால்தான் அங்கே சோதிக்க வேண்டும் என்பதே தெரியவரும். சொன்னவரைத் தண்டிக்கும் நிறுவனத்தில் எந்த மீயொலிக் கருவியும் பயன்படாது.

புறப்பாட்டு நேரம் கடந்தும் ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு இறக்கையின் அடியில் குனிந்து நிற்பதைச் சன்னல் வழியே காண நேர்ந்தால், நாம் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுக்கிறோம். அவருக்கு அந்தப் பத்து நிமிடங்களை முகம் சுளிக்காமல் தருவது, பயணிகளாகிய நாம் இப்பணிக்குச் செய்யக்கூடிய சிறு பங்களிப்பு.