லாபம் ஏட்டில், சம்பளம் வட்டியில்

கோவை கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு லேத் பட்டறைக்கு வெள்ளிக்கிழமை மாலை போய்ப் பாருங்கள். எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். சுவரோரம் பம்ப்செட் உதிரிபாகங்கள் அனுப்பத் தயாராக அடுக்கியிருக்கும். முதலாளி மட்டும் வாசலில் செல்போனும் கையுமாக நடந்துகொண்டிருப்பார். "பில்லு பாஸ் ஆகிருச்சுங்களா சார்?" "அக்கவுன்ட்ஸ்ல ஆள் லீவுங்க, திங்கக்கிழமை கூப்பிடுங்க." விடிந்தால் சனிக்கிழமை, ஆறு பேருக்கு வாரக்கூலி.

இந்தப் பட்டறை நஷ்டத்தில் ஓடவில்லை. ஆடிட்டர் போட்ட கணக்கில் லாபம் இருக்கிறது. அதற்கு வருமான வரியும் கட்டியாயிற்று. பில் போட்ட அன்றே விற்பனை நடந்ததாக ஏடு எழுதிக்கொள்கிறது. கல்லாவுக்கு அந்தச் செய்தி எப்போது போய்ச் சேரும் என்பதைப் பற்றி ஏட்டுக்குக் கவலை இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். 10 லட்சம் ரூபாய் ஆர்டர். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 11.80 லட்சத்துக்கு பில். இரும்பும் வார்ப்பும் 6 லட்சம், அதன் வரியோடு 7.08 லட்சம். கூலி, கரண்ட், வாடகை 2.50 லட்சம். ஏற்கெனவே கட்டிய வரியைக் கழித்தது போக 72,000 ரூபாய் ஜிஎஸ்டியை அடுத்த மாதம் கட்டியாக வேண்டும். பார்ட்டி பணம் கொடுத்தாரா என்று வரித்துறை கேட்காது, தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஆக 1.50 லட்சம் லாபம் பார்க்க, முதலில் கையைவிட்டுப் போவது 10.30 லட்சம். பேமென்ட் மூன்று மாதம் கழித்து வருகிறது. அதே ஆர்டர் மாதாமாதம் கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டும்தானே? மூன்றாம் மாதம் வெளியே நிற்கும் தொகை 30.90 லட்சம். ஆர்டர் பெருகப் பெருகக் குழியும் ஆழமாகிறது.

அந்தக் குழியை எதைக்கொண்டு மூடுகிறார்கள்? முதலில் வீட்டு நகை. அப்புறம் வெளிவட்டி. முதல் மாத ஆர்டருக்குப் போட்ட 10.30 லட்சத்தை மட்டும் மூன்று வட்டிக்கு எடுத்தாலே மூன்று மாதத்தில் 92,700 ரூபாய் போய்விடும், மிஞ்சுவது 57,300. ஐந்து வட்டி என்றால் 1,54,500. உழைத்த லாபம் மொத்தமும் போய், மேற்கொண்டு 4,500 ரூபாய் கையிலிருந்து. கந்துவட்டியைத் தடுக்க 2003லேயே இந்த மாநிலம் சட்டம் போட்டுவிட்டது என்பதையும் இங்கே ஞாபகப்படுத்தி வைக்கலாம்.

வங்கி எங்கே போயிற்று என்று கேட்கலாம். வரவேண்டிய பாக்கி 90 நாளைத் தாண்டினால், பெரும்பாலான வங்கிகள் அதை ஈடாகவே எடுத்துக்கொள்வதில்லை. பணம் முடங்குகிற நேரம் பார்த்து லிமிட்டும் சுருங்குகிறது. பார்ட்டி 120 நாள் இழுத்தடித்தால் கேட்பாரில்லை; பட்டறைக்காரரின் தவணை 90 நாள் நிலுவையில் நின்றால் அவர் வாராக்கடன்காரர்.

முதலாளிகள் மேலும் தப்பு இருக்கிறது. பில்லில் பார்த்த லாபத்தை நம்பிப் புது சிஎன்சி எந்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது, நடப்பு மூலதனத்தை எடுத்துப் பெண்ணின் கல்யாணத்தை நடத்துவது எல்லாம் நாம் பார்ப்பவைதான். எந்த வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று அடுத்த மூன்று மாதத்துக்கு எழுதி வைத்திருக்கும் பட்டறையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் பெரிய குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது.

குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். நடப்பில் ஸ்டோர்ஸ் பதிவு, தரச் சோதனை, பில் பாஸ் என்று ஒவ்வொரு மேஜையிலும் நாள்கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. புகார் கொடுக்க வசதியாக்க மன்றம் இருக்கிறது. அதன் தீர்ப்பை எதிர்க்கும் வாங்குபவர் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் நீதிமன்றம் போக முடியும். இவ்வளவு பல் வைத்த சட்டத்தைப் பெரும்பாலான பட்டறைக்காரர்கள் எடுப்பதில்லை. எடுத்தால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும்.

ஆகவே புகார் கொடுக்கும் சுமையைப் பட்டறைக்காரர் தலையில் கட்டுவதை அரசு நிறுத்த வேண்டும். குறித்த கெடுவுக்குள் தராத தொகையை, தரும் ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம் என்று 2023இல் வருமான வரிச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் சரியான திசைதான். வாங்குபவரை அவருடைய வரிக் கணக்கே உறுத்தும். ஆனால் மார்ச் முடிவில் மட்டும் உறுத்தினால் போதாது. அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் முதலில் தங்கள் பாக்கியைத் தீர்க்கட்டும். 45 நாள் தாண்டிய பாக்கியை நிறுவனங்கள் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும், கம்பெனி விவகார அமைச்சகத்துக்குப் படிவத்தில் எழுதித் தர வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. யார் யாருக்கு எவ்வளவு காலமாகத் தரவில்லை என்பது அந்தப் படிவங்களில் கிடக்கிறது. பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை, தொகையோடும் நாளோடும் அமைச்சகம் வெளியிடட்டும். அதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கச் சொன்னால், அதற்குள் எத்தனை சனிக்கிழமைகள் வரும் என்று கணபதியில் எந்தப் பட்டறை வாசலிலும் கேட்டுப் பார்க்கலாம்.