அடைக்கோழியைத் தண்ணியில முக்காதீங்க

எங்க படப்பைப் பக்கம் கோழி அடைக்கு உட்கார்ந்தாலே ஆளுக்கொரு வைத்தியம் சொல்றாங்க. தண்ணியில முக்கு, மூக்குல இறகைக் குத்து, கூடையைப் போட்டுக் கவுத்து வை, அடை தெளிஞ்சு திரும்ப முட்டை விடும்னு. நாட்டுக்கோழி முட்டை விக்கிற விலைக்கு அது நியாயமாத்தான் தெரியும். ஆனா நான் இதுல எதிர்க்கட்சி.

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு வீட்டுக்கு ரெண்டு பேர் ஷிப்டுக்குப் போறாங்க. கோழி பார்க்க ஆள் இல்லை, அதனால குட்டி இன்குபேட்டர் வாங்கிடலாமான்னு கேக்குறாங்க. வாங்கலாம். ஆனா 21 நாளும் 37.5 டிகிரி சூடு மாறக்கூடாது, ஈரப்பதம் குறையக்கூடாது, கரண்ட் போகக்கூடாது. பொரிஞ்ச பிறகு மூணு வாரம் பல்பு சூடு வேற. இத்தனையையும் அடைக்கோழி சம்பளம் இல்லாம செய்யுது. முட்டையை அதுவே புரட்டும், குஞ்சை அதுவே அணைக்கும். ஆள் இல்லாத வீட்டுக்கு அதைவிட நல்ல ஆள் யாரு?

இன்னொண்ணும் இருக்கு. வனராஜா, கிராமப்பிரியா மாதிரி உருவாக்கின ரகங்கள் அவ்வளவா அடைக்கு உட்காராது. அதை மட்டும் வச்சா ஒவ்வொரு தடவையும் குஞ்சுக்கு வெளியே கையேந்தணும். சிறுவிடைக்கோழி அடை உட்கார்றது அதோட கெட்ட பழக்கம் இல்லைங்க. அடுத்த தலைமுறைக்கான முதலீடு.

எதிர்வாதத்துலயும் உண்மை இருக்கு. குஞ்சோட ரெண்டு மூணு மாசம் சுத்தினா அத்தனை நாள் முட்டை போச்சு. அதுக்கு வழி, குஞ்சுக்கு இறகு முளைச்சு, ஒரு மாசம் தாண்டினதும் தாயைப் பிரிச்சிடறது. சீக்கிரமே திரும்ப முட்டைக்கு வந்துடும்.

அடை வைக்கிறதுல பெரிய வித்தை இல்லை. ஒரு வாரத்துக்கு மேல வச்ச முட்டை வேண்டாம், வெயில் காலத்துல இன்னும் புதுசா இருக்கணும். கோழியோட உடம்பு மூடுற அளவுக்கு, பத்துப் பன்னிரண்டு போதும். கூடையில மணல், மேல வைக்கோல், பேன் வராம இருக்கக் கொஞ்சம் சாம்பல். இடிக்குப் பயந்து இரும்புத் துண்டும் கரியும் வைக்கிறவங்க வச்சுக்கோங்க, கெடுதல் இல்லை. ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சை வச்சுப் பாருங்க. சிலந்தி மாதிரி ரத்த நரம்பு ஓடினா கரு இருக்கு, வெறிச்சுன்னு இருந்தா எடுத்துடுங்க.

நம்ம நட்டம் பொரிப்புல இல்லை, அதுக்கப்புறம்தான். எட்டுக் குஞ்சு இறங்கும், ரெண்டு மாசத்துல மூணு நிக்கும். பழி தாய்க்கோழி மேல. காக்கா, பருந்து, பூனை, கீரி ஒரு பக்கம். மேய இடமெல்லாம் மனையாகி, ரோட்டுல லாரி ஓடுறது இன்னொரு பக்கம். முதல் சில வாரம் பஞ்சாரத்துல வச்சா இதுல பாதி தப்பிக்கும்.

ஆனா பஞ்சாரத்தால தடுக்க முடியாதது வெள்ளைக்கழிச்சல். பிப்ரவரியில கால்நடை பராமரிப்புத் துறை முகாம் போட்டு இலவசமா ஊசி போடுது. அது எட்டு வாரம் தாண்டின கோழிக்கு. குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து விடணும். அந்த மருந்து நூறு குஞ்சுக்கான குப்பியா வரும், கலக்கினா சில மணி நேரத்துல தீர்த்துடணும். எட்டுக் குஞ்சுக்கு யார் வாங்குவாங்க? அதனாலதான் யாரும் விடறதில்லை.

250 குஞ்சுக்கு 50 சதவீத மானியம்னு அரசு திட்டம் இருக்கு. கொட்டகை போட இடம் இருக்கிறவங்களுக்கு நல்லது. தெருவுல அஞ்சு கோழி வச்சிருக்கிறவங்களுக்கு அந்தந்த ஊர் கால்நடை மருந்தகத்துல மாசம் ஒரு நாள் இந்தச் சொட்டு மருந்து கிடைச்சாலே போதும். கிராம சபையில இதைக் கேளுங்க.

அது வர்ற வரைக்கும் நம்ம கையில ஒரு வழி இருக்கு. ஒரு தெருவுல நாலஞ்சு வீடு பேசி வச்சு, ஒரே நாள்ல அடை வையுங்க. முதல்ல அடைக்கு வந்த கோழியை ரெண்டு மூணு நாள் வெறும் கூமுட்டை மேல உட்கார வச்சாக்கூட காத்திருக்கும். எல்லாக் குஞ்சும் ஒரே நாள் இறங்கும், ஏழாம் நாள் ஒரே குப்பியில தெருவுக்கே மருந்து முடியும்.